கரைவலைக் காட்சிக்கு வயலின் வேண்டுமா?

நிலாவெளியான்:
என் குறும்படத்தைப் பார்த்த நண்பர்கள் எல்லோரும் ஒரே குறைதான் சொன்னார்கள்: கரையில் நின்றே கயிறு பிடித்துக் கரைவலை இழுக்கும் ஏழு நிமிடமும் இசையே இல்லை, வயலின் போடு என்று. நான் போட மாட்டேன். விடியற்காலை திருகோணமலைக்குப் பக்கத்து நிலாவெளிக் கரையில் கயிறு மணலில் உரசும் சத்தம், இழுப்பவர்கள் வேலையோடு பாடும் அம்பாப் பாட்டு, மீன் சேரும் வலையின் மடி கிட்ட வரும்போது காகங்கள் கூடுவது எல்லாம் அந்த இடத்திலேயே பதிந்தவை. மீன் பட்டிருக்குமா என்று வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி நிற்கிற நிலை பார்ப்பவருக்கும் வர வேண்டும். வயலின் வந்தால் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடும். 'கொட்டுக்காளி' (2024) முழுவதும் பின்னணி இசை இல்லாமல்தானே ஓடியது?

மூதூர்த் தம்பி:
அண்ணை, நம்ம மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திராவைப் பாருங்கள். 'வீடு' (1988) படத்தில் பாட்டே கிடையாது. படத்துக்காக உண்மையாகவே ஒரு வீட்டைக் கட்டினார். அவ்வளவு பிடிவாதம் உள்ளவரே இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' இசைத்தொகுப்பிலிருந்து எடுத்துச் சேர்த்தார். அளவாக வைப்பது வேறு, அறவே விடுவது வேறு.

நிலாவெளியான்:
அளவு என்பதைத்தான் நானும் கேட்கிறேன், தம்பி. எங்கள் கதைக்கு இடம்தான் முதல். 1956இல் 'ரேகாவ' படத்துக்கு இலங்கை இயக்குநர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் கேமராவை ஊருக்குள் கொண்டுபோகும் வரை சிங்களப் படங்கள் பெரும்பாலும் தென்னிந்திய ஸ்டூடியோக்களில்தான் உருவாகின.

மூதூர்த் தம்பி:
அதே 'ரேகாவ'வில் சிங்கள இசையமைப்பாளர் சுனில் சாந்தவின் பாடல்கள் இருக்கின்றன! ஊருக்குள் போனதால் பீரிஸ் பாட்டை விடவில்லையே.

உட்துறைமுகம்:
ஒலிப்பதிவு செய்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது வெறும் மைக்கைப் பிடித்தால் காற்றின் இரைச்சல்தான் பதியும். உரோம உறை கட்டாயம். அதைவிடப் பெரிய தொல்லை அலை. ஷாட்டுக்கு ஷாட் அதன் சத்தம் மாறும், வெட்டிச் சேர்த்தால் அந்த இடத்தில் கடல் துள்ளும். பலர் இசை போடுவது இந்த ஓட்டையை மூடத்தான். அதனால் ஒவ்வோர் இடத்திலும் யாரும் பேசாமல் இரண்டு நிமிடம் கடலை மட்டும் தனியாகப் பதிந்து வையுங்கள். எடிட்டில் எல்லா ஷாட்டுக்கும் அடியில் அதை ஓட விடலாம். நிலாவெளியான், உங்கள் காட்சியில் மூன்று இடங்களில் கடல் துள்ளுகிறது. நண்பர்களுக்கு ஏதோ குறைகிறது என்று பட்டது அதனாலும் இருக்கலாம்.

நிலாவெளியான்:
அதை நான் கவனிக்கவில்லை. நன்றி. ஞாயிறு விடியவே போய்ப் பதிகிறேன்.

மூதூர்த் தம்பி:
கடலைச் சரிசெய்யுங்கள், நல்லது. ஆனால் மடி வெறுமையாக வந்து எல்லோரும் கயிற்றை விடுகிற இடத்தில் ஒரு புல்லாங்குழல் கேட்டால் என் அம்மா போன்றவர்கள் அழுவார்கள்.

நிலாவெளியான்:
அந்த இடத்தில்தான் தம்பி, ஒருத்தரும் பேசாமல் நின்றார்கள். அதன் மேல் எதையும் வைக்க எனக்கு மனமில்லை.