புதுப்பிப்பு: யுனிமேட் கை மாதிரி ஏன் நடுங்குது?

1961இல் ஜெனரல் மோட்டர்ஸ் ஆலையில் வேலைக்கு இறங்கிய யுனிமேட் என்ற ரோபோக் கையின் சிறு மாதிரி பாரம் தூக்கும்போது நடுங்குது, அதை இயக்கும் ஆர்டுயினோ போர்டும் றீசெற் ஆகுது என்று முன்பு எழுதியிருந்தேன். புரோகிராமில் பிழையில்லை, கரண்ட்தான் காணாது.

மூட்டைத் திருப்பும் சின்ன மோட்டரான எஸ்ஜி90 சேர்வோ ஒன்று அசைய ஏலாமல் முட்டி நின்றால் 650 மில்லிஅம்பியர் அளவில் இழுக்கும். நாலைந்தை போர்டின் 5 வோல்ட் பின்னிலேயே கொழுவினால் யூஎஸ்பியின் 500 மில்லிஅம்பியர் எங்கே காணும்? 5 வோல்ட், 5 அம்பியர் சப்ளையைத் தனியாகக் குடுங்கோ. அதன் மைனசை போர்டின் கிரவுண்டோடு கட்டாயம் இணைக்க வேணும், இல்லாவிட்டால் கை பேயாடும். சேர்வோக்களுக்குப் போகும் பிளஸ், மைனஸ் வயருக்குக் குறுக்கே 1000 மைக்ரோபரட் கெப்பாசிற்றர், கோடுள்ள பக்கம் மைனசுக்கு. மாறிப் பூட்டினால் வெடிக்கும்.

தோள்மூட்டுக்கு எஸ்ஜி90 சரிவராது. அதன் திருப்புவிசை 1.8 கிலோ-செ.மீ என்றால் 20 செ.மீ நுனியில் வெறும் 90 கிராம், அதிலும் கையின் சொந்தப் பாரம் கழியும். அதைவிடப் பலமான எம்ஜி996ஆர் சேர்வோ போடுங்கோ.

சூட்டுப் பசையை மட்டும் நம்பாதேங்கோ. கிளிநொச்சி வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே அது இளகி மூட்டு சரியும். 2 மி.மீ திருகாணியும் நட்டும்தான் நிக்கும். கிரவலோடிய ரோட்டுக்கரை வீடென்றால் பல்சில்லுக்கு கிறீஸ் பூசாதேங்கோ, புழுதி ஒட்டி அரைக்கும்.