பீன்யாவில் 12.9 போல்ட்டுக்கு ஹைட்ரஜன் நீக்கும் பேக்கிங்: விவரம் தேவை

பெங்களூரு பீன்யா பக்கம் பிளேட்டிங் தொழில் தெரிந்தவர்கள் உதவுங்கள். எம்10, 12.9 கிரேடு (மிக உயர் வலிமை எஃகு) போல்ட்டுகளுக்கு 8 மைக்ரான் ஜிங்க் (துத்தநாகம்) பூச்சு ஏற்ற வேண்டும்.

ஆசிட் பிக்ளிங்கிலும் (அமிலத்தில் முக்கித் துரு நீக்குவது) பிளேட்டிங் தொட்டியிலும் ஹைட்ரஜன் எஃகுக்குள் ஏறிவிடும். இறுக்கிய அன்று ஒன்றும் தெரியாது. மறுநாளோ அதற்கடுத்த நாளோ போல்ட்டின் தலை தெறிக்கலாம். அதனால் தொட்டியிலிருந்து எடுத்த 4 மணி நேரத்துக்குள் ஓவனில் ஏற்றி 190 முதல் 220 டிகிரி செல்சியஸில் வைத்து ஹைட்ரஜனை வெளியேற்ற வேண்டும்; இதுதான் பேக்கிங். போல்ட்டே அந்தச் சூட்டைத் தொட்ட பிறகுதான் நேரக்கணக்கு, ஓவன் மீட்டரைப் பார்த்து அல்ல. கூடையில் குவித்தால் நடுவில் கிடப்பவைக்குச் சூடு போய்ச் சேர நேரமாகும். பாசிவேஷன் (ஜிங்க் மேல் துருத் தடுப்புப் படலம் ஏற்றுவது) கண்டிப்பாக பேக்கிங்குக்குப் பிறகுதான். முன்பே செய்தால் அந்தப் படலம் வெடித்து, துருத் தடுப்பு போய்விடும்.

பளபளப்பு ஜிங்க் நெருக்கமாகப் படிவதால் ஹைட்ரஜன் வெளியேறத் திணறும். இதற்கு 8 மணி நேரம் போதுமா, 24 கொடுக்கிறீர்களா? வெப்பநிலைப் பதிவுச் சார்ட்டோடு பேக்கிங் செய்து, சாம்பிளை 48 மணி நேரம் இறுக்கிவைத்துச் சோதித்தும் தரும் யூனிட் பீன்யாவிலோ பொம்மசந்திராவிலோ இருக்கிறதா? இல்லையென்றால், மின்சாரமே இல்லாமல் ஏற்றும் ஜிங்க் ஃபிளேக் (துத்தநாகச் செதில்) பூச்சு சிறிய லாட்டுக்கு யார் செய்கிறார்கள்?