டஸ்டர் ஆல் வீல் டிரைவ்: ரிம்மும் டயரும் மாற்ற வேண்டும், 16-லேயே இருக்கவா, 17-க்குப் போகவா?

தாண்டிக்குடி காப்பி (விளாங்குடி, மதுரை):

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 2015 டஸ்டர், ஆல் வீல் டிரைவ். செகண்ட் ஹேண்டில் வாங்கி நாலு வருஷம் ஆகிறது, இப்போது 1,18,000 கி.மீ. ஓடியிருக்கிறது. மாதம் இரண்டு தடவை தாண்டிக்குடி போய் வருவேன். பட்டிவீரன்பட்டி தாண்டி மலை ஏறி, தார் ரோடு முடிந்ததும் எங்கள் காப்பித் தோட்டம் வரைக்கும் ஒன்றரை கி.மீ. மண் பாதை. ஐப்பசி, கார்த்திகையில் அந்தப் பாதை சேறாகிவிடும். இந்த வண்டியை வாங்கியதே அதற்காகத்தான்.

போன வாரம் ராத்திரி வத்தலக்குண்டு பக்கம் தண்ணீர் நின்ற ஒரு பள்ளத்தில் முன் இடது சக்கரம் இறங்கிவிட்டது. காலையில் பார்த்தால் அலாய் ரிம்மின் உள்விளிம்பு ஒரு விரல் நீளத்துக்கு மடங்கியிருக்கிறது. டயரின் பக்கவாட்டில் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைப்பு.

இப்போது போட்டிருப்பது கம்பெனி அளவு, 215/65 ஆர்16 (அகலம் 215 மி.மீ., பக்கவாட்டு உயரம் அதில் 65 சதவீதம், ரிம் 16 அங்குலம்). முன்னால் இரண்டும் போன வருஷம் மாற்றியது. பின்னால் இரண்டும் பழசு, பிராண்டும் வேறு. டயர் கடையில் ரெண்டு வழி சொல்கிறார்கள். ஒன்று, ரிம்மைச் சூடுபண்ணித் தட்டி நிமிர்த்திக்கொண்டு, டயர் ஒன்று மட்டும் புதுசு போடுவது. இன்னொன்று, 17 அங்குல அலாய் நாலும் வாங்கி 225/60 போடுவது, வண்டி கெத்தாக இருக்கும் என்கிறார்கள். நண்பர் ஒருவர் 235/70 ஆர்16 ஆல் டெரெய்ன் (தார், மண் இரண்டுக்குமான முரட்டு டயர்) போடு, சேற்றில் நிற்கவே நிற்காது என்கிறார்.

இன்னொரு விஷயமும் சொல்லிவிடுகிறேன். முன் டயர் மாற்றியதிலிருந்து, டிரைவ் முறையை மாற்றும் குமிழ் 'ஆட்டோ'வில் இருக்கும்போது மெதுவாக யு டர்ன் அடித்தால் பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி ஓர் அதிர்வு வருகிறது. இதற்கும் டயருக்கும் சம்பந்தம் உண்டா?

அப்பாவுக்கு முதுகில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் தோட்டத்துக்குக் கூடவே வருவார். வண்டி தூக்கிப் போடாமல் இருக்க வேண்டும், எனக்கு அதுதான் முதல் கவலை.

அலைன்மென்ட் 19 (திருமங்கலம்):

தம்பி, பத்தொன்பது வருஷமாக வீல் அலைன்மென்ட் வேலை பார்க்கிறேன். நீங்கள் கடைசியாகச் சொன்ன அதிர்வைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்.

உங்கள் வண்டியில் பின்சக்கரத்துக்குச் சக்தி போகிற வழியில், பின் டிஃபரென்ஷியலுக்கு (இரண்டு பின்சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதி) முன்னால் ஒரு கப்ளிங் இருக்கிறது. உள்ளே அடுக்கடுக்காகக் கிளட்ச் பிளேட்டுகள். 'ஆட்டோ'வில் தேவைப்படும்போது மின்சாரத்தால் இறுகும், தேவையில்லாதபோது விடும். முன் டயரும் பின் டயரும் ஒரே சுற்றளவு என்ற நம்பிக்கையில்தான் அந்தப் பெட்டியையே செய்திருக்கிறார்கள். சுற்றளவு வேறாக இருந்தால், நேர் ரோட்டில் போகும்போதுகூட முன் அச்சும் பின் அச்சும் வேறு வேறு வேகத்தில் சுற்றும். பிளேட் இறுகும் நேரமெல்லாம் ஒன்றோடொன்று உரசும், எண்ணெய் சூடாகும். முன்சக்கர டிரைவ் வண்டியில் இரண்டு டயர் மட்டும் மாற்றினால் ஒன்றும் ஆகாது. உங்கள் வண்டியில் அப்படிச் செய்யக் கூடாது.

ஒரு வேலை செய்யுங்கள். தையல்காரர் வைத்திருக்கும் இஞ்ச் டேப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நாலு டயரிலும் ஒரே காற்று வைத்து, சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, டயரின் நடு ஓட்டில் ஒரு சுற்றுச் சுற்றி அளந்து எழுதுங்கள். பட்டன் (டயர் ஓட்டில் இருக்கும் வெட்டு) ஆழத்தையும் அளந்து போடுங்கள். அதுவரை குமிழை '2டபிள்யூடி'யில் (முன்சக்கரம் மட்டும் இழுக்கும் நிலை) வையுங்கள். காய்ந்த தார் ரோட்டில் 'லாக்' (நாலு சக்கரமும் சேர்ந்தே இழுக்கும் நிலை) போடவே வேண்டாம்.

அந்த ரிம்மைச் சூடுபண்ணித் தட்டாதீர்கள். சூடு காட்டினால் அலாயின் பலம் போய்விடும், அடுத்த பள்ளத்தில் வெடிப்பு விடும். அதுவும் முன் சக்கரம், அதுவும் மலை இறக்கம். வேண்டாம் தம்பி.

சிறுமலை ரோடு (திண்டுக்கல்):

என்னுடையதும் இதே வண்டிதான். 17-க்குப் போய்விட்டுத் திரும்பி வந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

நான் போட்டது 215/60 ஆர்17. கணக்குப் பார்த்தால் சரியான அளவுதான். 215/65 ஆர்16-ன் மொத்த விட்டம் சுமார் 686 மி.மீ., இது 690. ஸ்பீடோமீட்டரில் வித்தியாசமே தெரியாது. ஆனால் ரிம்முக்கும் தரைக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் 140 மி.மீ.யிலிருந்து 129 ஆகிவிட்டது. 11 மி.மீ.தானே என்று நினைத்தேன். சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் ஒவ்வொரு பெயர்ந்த தாரும் இடுப்பில் தெரிந்தது. எட்டே மாதத்தில் ஒரு ரிம் நெளிந்தது.

கடையில் பொருத்திக் கொடுத்த விதமும் சரியில்லை. இந்த வண்டிக்கு ஐந்து ஓட்டை, 114.3 பி.சி.டி. (போல்ட் ஓட்டைகள் அமைந்த வட்டத்தின் விட்டம், மி.மீ.யில்), நடுத்துளை 66.1 மி.மீ. வெளியில் விற்கிற ரிம் பலதில் நடுத்துளை 73.1 இருக்கும், எல்லா வண்டிக்கும் ஆகட்டும் என்று. நடுவில் வளையம் போடாமல் போல்ட்டை மட்டும் நம்பி முடுக்கினார்கள். 90-ஐத் தொட்டால் ஸ்டீயரிங் ஆடும். மூன்று தடவை பேலன்ஸ் பண்ணியும் நிற்கவில்லை. வளையம் போட்ட பிறகுதான் நின்றது. ஆஃப்செட்டும் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து போல்ட் முடுக்கும் தளம் எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறது என்ற அளவு) பாருங்கள். கம்பெனி ரிம் 50, எனக்குக் கொடுத்தது 38. சக்கரம் 12 மி.மீ. வெளியே தள்ளி நின்றது. பார்க்க அகலமாக, அழகாகத்தான் இருந்தது, சேறு முழுக்கக் கதவில் அடித்தது. வீல் பேரிங்குக்கும் அது சுமை.

அப்பா முதுகைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அது ஒன்றுக்காகவே 16-ல் இருங்கள்.

தாண்டிக்குடி காப்பி:

அண்ணே, நேற்று சாயங்காலம் பக்கத்து வீட்டுத் தையல் அக்காவிடம் டேப் வாங்கி அளந்துவிட்டேன். முன்னால் இரண்டும் 214.7 செ.மீ. பின்னால் இரண்டும் 212.3. பட்டன் முன்னால் 7 மி.மீ., பின்னால் 3.2.

2.4 செ.மீ. பெரிய விஷயமா என்று முதலில் தோன்றியது. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 100 கி.மீ. போனால் பின் டயர், முன் டயரைவிட 500 தடவைக்கு மேல் கூடுதலாகச் சுற்றுகிறது. ஒரு வருஷமாக இப்படித்தான் 'ஆட்டோ'விலேயே ஓட்டியிருக்கிறேன். மலையில் பிடிப்பு கூடும் என்று நம்பி, மழை இல்லாத நாளிலும் சில தடவை 'லாக்' போட்டிருக்கிறேன். ராத்திரி தூக்கமே வரவில்லை. கப்ளிங் போயிருக்குமா?

அலைன்மென்ட் 19:

பயப்படாதீர்கள். எரிந்த வாசனையோ, டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கோ வரவில்லை என்றால் பெரும்பாலும் தப்பித்திருக்கும். டயர் மாற்றிய பிறகும் அதிர்வு இருந்தால் மட்டும் அடியில் பார்ப்போம்.

நாலும் ஒரே பிராண்ட், ஒரே மாடல், ஒரே நாளில் போடுங்கள். கை தாங்கினால் ஸ்டெப்னிக்கும் சேர்த்து ஐந்து வாங்கி, 8,000 கி.மீ.க்கு ஒரு தடவை ஐந்தையும் சுழற்சியில் விடுங்கள். அப்படிச் செய்தால் நடுவழியில் பஞ்சர் ஆனாலும் மாட்டுகிற டயர் மற்றதோடு ஒத்துப்போகும். ஐந்து முடியாதென்றால், ஸ்டெப்னி மாட்டியதும் குமிழை '2டபிள்யூடி'க்குத் திருப்பிவிட்டு ஊர் வந்து சேருங்கள்.

அளவு 215/65 ஆர்16 98எச். இந்த 98-ஐ விட்டுவிடாதீர்கள். ஒரு டயர் 750 கிலோ தாங்கும் என்று அர்த்தம். காப்பி மூட்டை ஏற்றுவீர்கள் அல்லவா? நண்பர் சொன்ன 235/70-ன் விட்டம் 735 மி.மீ., கம்பெனி அளவைவிட 7 சதவீதம் பெரிசு. ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தால் உள்ளே உரசும், ஏற்றத்தில் வண்டி இழுக்காது, மீட்டர் 80 காட்டும்போது நிஜ வேகம் 85-ஐத் தாண்டியிருக்கும்.

ஆல் டெரெய்ன் இந்த அளவிலேயே கிடைக்கிறது. ஆனால் உங்களுக்கு மண் பாதை ஒன்றரை கி.மீ., மீதி அத்தனையும் தார். சத்தமும் கூடும், டீசலும் கூடும். பின்னால் 3.2 மி.மீ. பட்டனை வைத்துக்கொண்டே சேற்றில் ஏறியிருக்கிறீர்கள். நாலிலும் எட்டு மி.மீ. இருந்தால் சாதா டயரே ஏறும் என்பது என் கருத்து.

ரிம்முக்குப் பழைய கம்பெனி ரிம்மாகவே தேடுங்கள். பின்பக்கம் ஆரத்தில் அச்சடித்திருக்கும்: அகலம் 6.5, ஆஃப்செட் 50. வாங்கும் முன் பேலன்ஸிங் மெஷினில் டயர் இல்லாமல் மாட்டிச் சுற்றவிட்டு, விளிம்பு ஏறி இறங்குகிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள்.

தாண்டிக்குடி காப்பி:

தாமதமாக எழுதுகிறேன், மன்னிக்கவும். பழைய ரிம் ஒன்று கிடைத்தது. முதலில் காட்டியதைச் சுற்றவிட்டபோது விளிம்பு கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு ஆடியது, வேண்டாம் என்று வைத்துவிட்டேன். இரண்டாவது நேராக ஓடியது.

டயர் ஐந்தும் 215/65 ஆர்16, சாதா வகை. பக்கவாட்டில் தயாரித்த வாரத்தையும் வருஷத்தையும் சொல்லும் நாலு இலக்கத் தேதியைப் பார்த்தேன். கடைக்காரர் முதலில் உருட்டி வந்ததில் ஒன்று மட்டும் இரண்டு வருஷம் பழசு. மாற்றித் தரச் சொன்னேன், மாற்றிக் கொடுத்தார். ஐந்தையும் அளந்தேன், 2 மி.மீ.க்குள் ஒன்றாக இருக்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு போனோம். முந்தின நாள் மழை. மண் பாதை ஆரம்பத்தில் 'லாக்' போட்டேன், வாய்க்கால் ஏற்றத்தில் ஒரு தடவை லேசாக நழுவிப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டது. திரும்பும்போது பட்டிவீரன்பட்டியில் டீக்கடை முன்னால் 'ஆட்டோ'வில் வைத்து வேண்டுமென்றே மெதுவாக யு டர்ன் அடித்தேன். இழுப்பு இல்லை. அப்பா எதற்குடா ரெண்டு தடவை சுற்றுகிறாய் என்றார்.

அலைன்மென்ட் 19:

சந்தோஷம் தம்பி. 100 கி.மீ. தாண்டியிருக்கும் இப்போது. சக்கரம் ஆறியிருக்கும்போது போல்ட் ஐந்தையும் குறுக்கு வரிசையில் ஒரு தடவை முடுக்கிப் பார்த்துவிடுங்கள். ரிம் மாற்றின அந்த முன் இடதை முதலில் பாருங்கள்.