சிறுகுறிஞ்சான் எலி ப்ராஜெக்ட்: ஸ்டாண்டர்ட் மருந்து குடுத்த குரூப்லயே சுகர் இறங்கல, என்ன தப்பு?

குறிஞ்சான்கொடி:
எம்.ஃபார்ம் ரெண்டாவது வருஷம். சிறுகுறிஞ்சான் இலைய நிழல்ல காயவச்சு பொடி பண்ணி எத்தனால்ல எக்ஸ்ட்ராக்ட் எடுத்தேன், தார் மாதிரி கரும்பச்சையா வந்துச்சு. எலிக்கு சுகர் வரவைக்க ஸ்ட்ரெப்டோசோடோசின் கிலோவுக்கு 60 மி.கி. ஊசி போட்டேன், அன்னிக்கு ராத்திரியே ரெண்டு செத்துப்போச்சு. 72 மணி நேரம் கழிச்சு வால் நுனில ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பாத்தா பாதி எலிக்கு மீட்டர்ல நம்பரே வரல, 'ஹை'னு மட்டும் காட்டுது. இப்ப 21 நாள் ஆச்சு, எக்ஸ்ட்ராக்ட் குரூப்லயும் இறங்கல, ஸ்டாண்டர்ட் சுகர் மருந்தான கிளிபென்கிளமைடு குடுத்த குரூப்லயும் இறங்கல. கைடு என் கைப்பக்குவம் சரியில்லங்கறார்.

லேப்அண்ணாச்சி:
தம்பி கைப்பக்குவம் இல்ல, மாடல், அதாவது எலிக்கு சுகர் வரவைக்கற முறைதான் தப்பு. ஸ்ட்ரெப்டோசோடோசின் கணையத்து பீட்டா செல்லையே கொல்லும், கிளிபென்கிளமைடு அந்த செல்லுக்குள்ள இருக்கற இன்சுலின பிதுக்கி வெளிய விடற மருந்து, செல்லே செத்துப்போனா எதப் பிதுக்கறது? டைப் 2 மாதிரி வேணும்னா கொஞ்ச வாரம் கொழுப்புத் தீனி போட்டு அப்புறம் 35 மி.கி. மட்டும் போடு, இல்லன்னா 15 நிமிஷம் முன்னாடி நிகோடினமைடு (பீட்டா செல்ல கொஞ்சம் காப்பாத்தற வைட்டமின் பி3) குடுத்துட்டு போடு. முதல் ராத்திரி எலி செத்தது தாழ்சர்க்கரையா இருக்கும், உடையற செல்லுல இருந்து இன்சுலின் மொத்தமா கொட்டும்ல. அன்னிக்கு தண்ணிக்கு பதிலா 5% குளுக்கோஸ் வைக்கணும், வச்சியா?

கொங்குதம்பி:
எதுக்குங்க எலி பாவம், எங்கப்பா தினமும் இந்தப் பொடிதான் சாப்பிடறாரு. இலைய மென்னுட்டு சக்கரைய வாயில போட்டுப் பாருங்க, மணல் திங்கற மாதிரி இருக்கும், அதான் சக்கரைக்கொல்லி!

மாத்திரைஅக்கா:
தம்பி, அது நாக்கோட கதை. ஜிம்னிமிக் அமிலம் இனிப்பு தெரியற இடத்த அடைச்சுடுது, கொஞ்ச நேரத்துல சரியாயிடும். நாக்குல இனிப்பு தெரியலன்னா ரத்தத்துல குறைஞ்சுதுன்னு அர்த்தமில்ல. மனுஷங்களுக்கும் குடுத்துப் பாத்திருக்காங்க, 1990ல சென்னைப் பல்கலைக்கழகத்து ஆளுங்க 22 டைப் 2 நோயாளிகளுக்கு தினம் 400 மி.கி. எக்ஸ்ட்ராக்ட், ஒன்றரை வருஷத்துக்கு மேல, 5 பேர் மாத்திரைய நிறுத்தற அளவுக்கு வந்தாங்க. ஆனா வெத்து மாத்திரை குடுத்து ஒப்பிட்டுப் பாக்கல, அதனால அத மட்டும் வச்சு முடிவு சொல்ல முடியாது. அப்பா கிளிமிபிரைடு மாதிரி சுகர் மாத்திரை ஏதாவது சேத்து சாப்பிடறாரான்னு பாருங்க, சுகர் ரொம்ப இறங்கிடும், டாக்டர்கிட்ட சொல்லிடுங்க.

குறிஞ்சான், நீ எலிக்கு எவ்ளோ டோஸ் குடுத்த? கிலோவுக்கு 400 மி.கி.ன்னா எலி டோஸ மனுஷ டோஸா மாத்த 6.2ஆல வகுத்துப் பாரு, 60 கிலோ ஆளுக்கு கிட்டத்தட்ட 4 கிராம் எக்ஸ்ட்ராக்ட் வரும். இலை எடைல 10% எக்ஸ்ட்ராக்ட் கிடைக்கும்னு வச்சாலும் தினம் 40 கிராம் காஞ்ச இலை, யாரு திம்பா?

குறிஞ்சான்கொடி:
400தான்க்கா 🙈 குளுக்கோஸ் தண்ணி வைக்கல அண்ணாச்சி, யாரும் சொல்லல. நிகோடினமைடு போடணும்னா எத்திக்ஸ் கமிட்டிக்கு திரும்ப எழுதணுமா?

லேப்அண்ணாச்சி:
பின்ன? நெறிமுறை மாறுதுல்ல. இன்னிக்கே எழுதிக் குடு, அடுத்த மீட்டிங் எப்பன்னு கேட்டுட்டு எலி ஆர்டர் போடு. அப்புறம் ஸ்ட்ரெப்டோசோடோசின ஐஸ்ல வச்ச சிட்ரேட் பஃபர்ல கரைச்ச உடனே போட்டுடு, வச்சிருந்தா வீணாப்போயிடும்.