இரண்டாம் வகுப்புக்குப் பாலைவனப் பாடம்: எதை மாட்டலாம், எதைத் தொடலாம்?

கரும்பலகை கேட்டது:
32 பிள்ளைகள், 40 நிமிட வகுப்பு இரண்டு. கடையில் கிடைக்கிற சார்ட்டில் ஒட்டகத்துக்குப் பக்கத்திலேயே கை தூக்கி நிற்கிற உயரமான கள்ளி இருக்கிறது. மாட்டலாமா? தொட்டுப் பார்க்கக் கள்ளித் தொட்டி ஒன்றும் கொண்டுவர எண்ணம்.

மணல்மேடு:
சார்ட் வேண்டாங்க. அந்தக் கள்ளி சகுவாரோ. அமெரிக்க, மெக்சிகோ எல்லையை ஒட்டிய சொனோரன் பாலைவனத்துச் செடி. அங்கே ஒட்டகம் கிடையாது. ஒரே பாலைவனமாக எடுங்க, தார் போதும். மரத்துக்கு வன்னி: வேர் ஆழமாக இறங்கும், சிற்றிலை என்பதால் நீரிழப்பு குறைவு. பல சிவன் கோயில்களில் தலமரம், நேரிலேயே காட்டலாம். சீமைக்கருவேலத்தை வன்னி என்று காட்டிவிடாதீங்க. ஒட்டகத்தின் திமிலில் இருப்பது கொழுப்பு, தண்ணீர் இல்லை. பறவைக்குக் கல்கௌதாரி. ஆண் பறவை குளத்தில் அடிவயிற்று இறகை நனைத்துக்கொண்டு பறந்து வரும். குஞ்சுகள் அந்த இறகிலிருந்து உறிஞ்சிக் குடிக்கும். இதற்குப் பிள்ளைகளிடமிருந்து கேள்வி கொட்டும், நேரம் ஒதுக்குங்க.

தோட்டக்காரர்:
கள்ளித் தொட்டி கூடவே கூடாது. சப்பாத்திக்கள்ளியில் பெரிய முள்ளைவிட அதன் அடியில் கொத்தாக இருக்கிற சுணைதான் மோசம், விரலில் ஏறினால் கண்ணுக்கே தெரியாது. திருகுகள்ளிப் பால் கண்ணில் பட்டால் ஆபத்து.

சோற்றுக்கற்றாழை எடுங்க. மடலை வெட்டி, வெட்டுவாய் கீழே இருக்கும்படி டம்ளரில் 15 நிமிடம் நிறுத்துங்க. அரிப்பு தரும் மஞ்சள் பால் வடிந்துவிடும். ஓர முள்ளைச் சீவி, 8 செ.மீ. துண்டு இரண்டு நறுக்கி, ஒன்றில் மட்டும் மேல்தோலை முழுக்க உரியுங்க. இரண்டையும் சமையலறைத் தராசில் எடை போட்டுக் குறித்து, தட்டில் நிழலில் வையுங்க. மறுநாள் உரித்தது சுருங்கி எடை நன்றாகக் குறைந்திருக்கும், தோலுள்ளது கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். வெட்டுமுனை திறந்திருந்தால் தோலுள்ள துண்டும் வற்றி வித்தியாசம் மங்கும். முனைகளைத் துடைத்து உருகிய மெழுகில் தோய்த்தால் சரி. செலோடேப் ஈரத்தில் ஒட்டாது. மெழுகு வேலை முன்கூட்டியே உங்கள் கையால்.

வளை:
விலங்குகளுக்கு மணல் சோதனை. தார்ப் பாலை எலியும் முள்வால் பல்லியும் வளைக்குள் வெயிலைக் கழிக்கும், அதைக் காட்டத்தான். காலையிலேயே மைதான மணலில் 30 செ.மீ. பிவிசி குழாயைச் செங்குத்தாகப் புதைத்து, வாயைத் துணியால் அடையுங்க. 11 மணிக்கு ஆய்வகத் தெர்மாமீட்டரை நூலில் கட்டி உள்ளே இறக்கி 3 நிமிடம், பிறகு மேல்மணலில் 3 நிமிடம். வாளியில் செய்தால் பக்கவாட்டில் வெயில் பட்டு அடிமணலும் சுடும். காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர் இதற்கு உதவாது.

கரும்பலகை:
தெர்மாமீட்டர் இல்லையென்றால்?

வளை:
கைதான். முதலில் நீங்க தொட்டுப் பாருங்க. மேல்மணல் உங்களுக்கே சுட்டால் பிள்ளைகள் வேண்டாம், 10 மணிக்கு மாற்றுங்க. ஒரு கையை மேலே வைத்து, மறு கையால் ஒரு சாண் தோண்டச் சொல்லுங்க. காய்ந்த மணல் சரிந்து குழியை மூடிக்கொண்டே இருக்கும், அதனால் கொஞ்சம் அகலமாகத் தோண்டணும்.