ஒரு மாதம், ஏழு நாடுகள்: விசாவுக்கு எந்தத் தூதரகத்தை அணுக வேண்டும்?

தென்றல்வழி
அனைவருக்கும் வணக்கம். மே மாதம் முழுவதும் பாரிஸ், சுவிட்சர்லாந்து, இத்தாலி, வியன்னா, புடாபெஸ்ட், பெல்கிரேட், ஏதென்ஸ் என்று சென்றுவர எண்ணியிருக்கிறேன். முதலில் இறங்கும் நாட்டின் தூதரகத்தில்தான் விசா கேட்க வேண்டும் என்று சிலரும், எங்கு வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சிலரும் சொல்கிறார்கள். எது சரி? விமானக் கட்டணம் ஏறிக்கொண்டே போவதால் இன்று இரவே பயணச்சீட்டு எடுத்துவிட நினைக்கிறேன். ரயில் பாஸ் வாங்குவது லாபமா என்பதையும் தெரிவித்தால் உதவியாக இருக்கும். அவசரம்.

மலைப்பாதை
ஒவ்வொரு நாட்டிலும் எத்தனை இரவுகள் தங்குகிறீர்கள்? உங்கள் கடவுச்சீட்டு எந்த மாதம் வரை செல்லும்? உங்களுக்கு ஷெங்கன் விசா (தங்களுக்கிடையே எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) தேவை என்பது கேள்வியிலிருந்தே தெரிகிறது. ஆனால் மற்ற இரண்டும் தெரியாமல் யார் சொல்லும் பதிலும் ஊகமாகவே இருக்கும். பதில் வரும்வரை பயணச்சீட்டுக்குப் பணம் கட்ட வேண்டாம்.

நெடுவழி
விசாவை விடுங்கள், ஏழு நாடுகள் என்பதே அதிகம். ஊர் மாறும் ஒவ்வொரு நாளும் முற்பகலில் அறையைக் காலி செய்து, பெட்டியை இழுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போய், அடுத்த ஊரில் பிற்பகல் வரை அறைக்காகக் காத்திருந்தே கழிந்துவிடும். மூன்று நாடுகளில் பத்துப் பத்து நாள்கள் தங்குவதே ஊரைப் பார்த்ததாகும் என்பது என் உறுதியான கருத்து.

திசைமானி
இந்தக் கேள்விக்கு இங்கே பலமுறை விடை எழுதியாகிவிட்டது. கேட்பதற்கு முன் தேடிப் பார்க்கும் பொறுமை புதியவர்களுக்கு வர வேண்டும். விதி எளிது. அதிக நாள்கள் தங்கும் ஷெங்கன் நாட்டின் தூதரகத்தையே அணுக வேண்டும். நாள்கள் சமமாக இருந்தால்தான் முதலில் நுழையும் நாடு. பயணத்துக்கு 6 மாதங்களுக்கு முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி வரம்பு 15 நாள்கள். முடிவு வழக்கமாக 15 நாள்களில் வரும் என்றாலும் 45 நாள்கள் வரை நீளலாம். விசா கைக்கு வருமுன் திருப்பித் தர முடியாத பயணச்சீட்டை வாங்கக்கூடாது என்பது அரிச்சுவடிப் பாடம்.

தென்றல்வழி
மன்னிக்கவும், விவரங்கள் இதோ: பாரிஸ் 6 இரவுகள், சுவிட்சர்லாந்து 3, இத்தாலி 8, வியன்னா 3, புடாபெஸ்ட் 3, பெல்கிரேட் 3, ஏதென்ஸ் 4. கடவுச்சீட்டு ஜூலை வரை செல்லும். ஆகவே அதில் சிக்கல் இல்லை.

மலைப்பாதை
சிக்கல் அங்கேதான் இருக்கிறது, நண்பரே. ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகும் கடவுச்சீட்டு குறைந்தது 3 மாதங்கள் செல்லுபடியாக வேண்டும். மே இறுதியில் கிளம்பினால் ஆகஸ்ட் இறுதியைத் தாண்ட வேண்டும், ஜூலை போதாது. அதைப் புதுப்பிக்காமல் எந்தத் தூதரகத்துக்குப் போனாலும் பயனில்லை.

இரண்டாவது, பெல்கிரேட். செர்பியா ஷெங்கனில் இல்லை. ஹங்கேரியிலிருந்து அங்கே கால் வைத்ததுமே ஒருமுறை நுழைவு விசா தீர்ந்துவிடும். அதன்பின் கிரீஸுக்குள் உங்களை விடமாட்டார்கள். விண்ணப்பத்திலேயே இருமுறை நுழைவு கேட்க வேண்டும் அல்லது பெல்கிரேடைக் கைவிட வேண்டும். செர்பியாவுக்கு உங்கள் கடவுச்சீட்டுக்குத் தனி விசா வேண்டுமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்குப்படி நீங்கள் பாரிஸில் இறங்கினாலும் விண்ணப்பிக்க வேண்டியது இத்தாலியிடம். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் நாடுகள் அனைத்துக்கும் பொருந்துவதாக இருக்க வேண்டும். விசா ஒட்டியில் தங்கும் நாள்களின் எண்ணிக்கை தனிக் கட்டத்தில் இருக்கும்; நுழையும் நாளும் வெளியேறும் நாளும் அதில் சேரும். நள்ளிரவுக்குப் பத்து நிமிடம் முன்பு இறங்கினாலும் அது ஒரு நாள்தான்.

இருப்புப்பாதை
ரயில் பாஸ் பற்றி யாரும் பேசவில்லையே. யூரெயில் குளோபல் பாஸ் 33 நாடுகளில் செல்லும். ஒரு மாதத்துக்குள் நாம் தேர்ந்தெடுக்கும் 7 நாள்களில் பயணம் செய்யும் வகையும் உண்டு. நினைத்த நேரத்தில் நினைத்த வண்டியில் ஏறும் சுதந்திரத்தைத் தனித்தனிச் சீட்டு தராது.

நெடுவழி
நினைத்த வண்டியில் ஏற முடியும் என்பது எல்லா நாட்டுக்கும் பொருந்தாது. பிரான்ஸின் டிஜிவி, இத்தாலியின் அதிவேக ரயில்கள் ஆகியவற்றில் பாஸ் வைத்திருப்பவரும் இருக்கைக்குத் தனியே பணம் கட்டி முன்பதிவு செய்தாக வேண்டும். இவருடைய பயணத்தில் பாதி அந்த இரண்டு நாடுகளில்தான்.

இருப்புப்பாதை
மீதிப் பாதியைப் பாருங்கள். சுவிட்சர்லாந்தின் பெரும்பாலான ரயில்களுக்கும் ஆஸ்திரியாவின் உள்நாட்டு ரயில்களுக்கும் முன்பதிவு கட்டாயமில்லை. மலையில் மேகம் மூடினால் புறப்பாட்டை மறுநாளுக்குத் தள்ளிவைக்கலாம். முன்கூட்டி வாங்கும் மலிவுச் சீட்டில் பெரும்பாலும் தேதியை மாற்ற இடமில்லை.

திசைமானி
இருவரும் தேதிகளை அறியாமலே வாதிடுகிறீர்கள். ஊரும் நாளும் உறுதியானவர் தனிச்சீட்டை முன்கூட்டி வாங்குவார். உறுதியாகாதவர் பாஸ் வாங்குவார். விசாவுக்கு நாள்வாரித் திட்டத்தோடு விண்ணப்பிக்கும் இவர் முதல் வகை. மேலும் பெல்கிரேடிலிருந்து ஏதென்ஸுக்கு நேரடி ரயிலே கிடையாது. அந்தத் தொலைவுக்கு விமானம்தான்.

இருப்புப்பாதை
தூதரகத்துக்குக் கொடுக்கும் திட்டத்தில் நாள்கள் இருக்கும். எந்த மணிக்கு எந்த ரயில் என்பது இருக்க வேண்டியதில்லை. அந்த வேறுபாட்டில்தான் பாஸின் பயன் இருக்கிறது.

தென்றல்வழி
கடவுச்சீட்டைப் புதுப்பிக்கக் கொடுத்துவிட்டேன். பெல்கிரேடை நீக்கி, அந்த 3 இரவுகளை ஏதென்ஸில் சேர்த்துவிட்டேன். பயணச்சீட்டு இன்னும் எடுக்கவில்லை. அனைவருக்கும் நன்றி.

மலைப்பாதை
நல்ல முடிவு. புடாபெஸ்டிலிருந்து ஏதென்ஸுக்கு விமானத்தில் போனாலும் ஷெங்கனுக்குள்ளேயே இருப்பதால் ஒருமுறை நுழைவு விசா போதும். ஆனால் இப்போது இத்தாலி 8, கிரீஸ் 7 என்று ஆகிவிட்டதைக் கவனியுங்கள். இத்தாலியில் ஓர் இரவைக் குறைத்து ஏதென்ஸில் சேர்த்தால் விண்ணப்பம் கிரீஸுக்குப் போக வேண்டியிருக்கும். பாரிஸில் சேர்த்தால் மூன்று நாடுகளும் சமமாகி, முதலில் நுழையும் பிரான்ஸுக்குப் போகும். பாரிஸில் இறங்கி ஏதென்ஸிலிருந்து திரும்பும் வகையில் ஒரே பதிவாகப் பயணச்சீட்டைத் தேடுங்கள்; திரும்பவும் பாரிஸுக்கு வரும் செலவும் ஒரு நாளும் மிச்சமாகும். புதிய கடவுச்சீட்டின் எண் வந்த பிறகே பதிவு செய்யுங்கள்.