கரூர் சம்பவத்துக்கு அப்புறம் பையன் வாயே தொறக்க மாட்டேங்குறான், எப்படி பேசுறதுன்னு சொல்லுங்க

மல்லிகைப்பந்தல் (2025 அக்டோபர் 3, ராத்திரி 11.40)

எல்லாருக்கும் வணக்கம்ங்க. நாங்க நாமக்கல் பக்கம். பையன் பத்தாவது, பொண்ணு ஏழாவது. போன 27ந் தேதி சனிக்கிழமை விஜய் மீட்டிங் முதல்ல எங்க ஊர்ல, அதுக்கப்புறம் கரூர்ல. காலாண்டு லீவு விட்ட முதல் நாள் வேற, பையன் போறேன்னு ஒத்தக்கால்ல நின்னான், டியூஷன் இருக்குது போகக்கூடாதுன்னு நான் சொல்லிட்டேன், பெரிய சண்டை. கூட்டத்துல ஏதாவது ஆயிடும்னு நெனச்செல்லாம் நான் சொல்லலைங்க, நெஜமா கணக்கு டியூஷனுக்காகத்தான் சொன்னேன். அவன் கிளாஸ் பசங்க ரெண்டு பேரு ஒருத்தனோட மாமா கூட கரூர் வரைக்குமே போயிட்டாங்க. அதுல ஒருத்தனுக்கு கை எலும்பு முறிஞ்சு கட்டு போட்டிருக்குது, மத்தபடி நல்லா இருக்கான்.

அன்னிக்கு ராத்திரி கரூர் நெரிசல்ல செத்தவங்க எண்ணிக்கை டிவில ஏற ஏற பையன் அப்படியே உக்காந்திருந்தான். அவங்கப்பா வந்து "பாத்தியா, நாங்க சொன்னப்ப எங்க மேல கோவப்பட்ட, இப்ப தெரியுதா"ன்னு ஒரு வார்த்தை விட்டாரு. அவ்வளவுதாங்க, அதுலருந்து எங்க ரெண்டு பேர்கிட்டயும் பேச்சு இல்லை. சோறு பாதி அப்படியே இருக்குது. ராத்திரி ஒரு மணிக்கு எந்திரிச்சு பாத்தா போர்வைக்குள்ள போன் வெளிச்சம், அதே வீடியோவை திரும்பத் திரும்ப பாக்குறான். கிளாஸ் வாட்ஸப் குரூப்ல யாரு தப்புன்னு அடிதடியாம், அதை பொண்ணுதான் சொன்னா. 41 பேருங்க, அதுல எத்தனை குழந்தைங்க. எனக்கே தூக்கம் வரலை, இவன்கிட்ட நான் என்னத்த பேசுறது? போனைப் புடுங்கி வெச்சுரலாமா? விட்டுட்டா தானா சரியாயிடுமா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

---

பழைய சோறு (அக்டோபர் 4, காலை 6.15)

நான் சொல்றது யாருக்கும் பிடிக்காது, பரவாயில்லை. போனை வாங்கி பீரோல வெச்சு பூட்டுங்க. ரெண்டு நாள் மொறைப்பான், மூணாவது நாள் கிரிக்கெட் ஆட போயிடுவான். நம்ம காலத்துல எவ்வளவோ நடந்துச்சு, எவனும் நம்மள உக்கார வெச்சு பேசலை, நாமெல்லாம் நல்லாத்தானே இருக்கோம்.

---

அரசலாறு (அக்டோபர் 4, காலை 9.02)

பழைய சோறு அண்ணே, அந்த "நல்லாத்தானே இருக்கோம்"கறதுலதான் எனக்கு ஒரு விஷயம் சொல்லணும்.

நான் கும்பகோணம். 2004 ஜூலை 16, வெள்ளிக்கிழமை, ஸ்கூல் தீ. 94 புள்ளைங்க. நான் அப்ப எட்டாவது, ஊருக்கு இன்னொரு பக்கம் வேற ஸ்கூல். நான் ரூமுக்குள்ள வந்தா அப்பா டிவியை அமத்திடுவாரு, அம்மா பக்கத்து வீட்டு அத்தைகிட்ட பேசிட்டிருப்பாங்க, என்னைப் பாத்ததும் வெண்டைக்காய் என்ன விலைன்னு பேச்சை மாத்துவாங்க. எல்லாம் பாசத்துலதான். ஆனா எனக்குப் புரிஞ்சது என்னன்னா இது கேக்கக் கூடாத விஷயம், கேட்டா அம்மா அழுவாங்க. அதனால கேக்கவே இல்லை. கேள்வி மட்டும் உள்ளேயே இருந்துச்சு. தகவல் பூரா டியூஷன்ல பசங்க சொன்னதுதான், அதுல பாதி கதை, நெஜத்தை விட கதை இன்னும் பயங்கரமா இருந்துச்சு.

கொஞ்ச நாள்ல எங்க ஸ்கூல்ல இருந்த கீத்துக் கொட்டகையை பிரிச்சு எறிஞ்சாங்க, எல்லா ஸ்கூல்லயும் கீத்தை எடுக்கச் சொல்லி அரசாங்க உத்தரவு. ஏன் பிரிக்கிறாங்கன்னு ஒரு சார் கூட கிளாஸ்ல வாயத் தொறந்து சொல்லலை. "இனிமே அப்படி ஆகாம இருக்கத்தான்டா இதை எடுக்கிறோம்"னு ஒரு வரி சொல்லியிருந்தா போதும். நான் பத்தாவது முடிக்கிற வரைக்கும் வாசக்கதவுக்கு பக்கத்துலதான் பாய் போட்டு படுத்தேன். வெக்கையா இருக்குன்னு சொல்லிக்குவேன், மார்கழியிலயும்.

அதனால அம்மா, போனைப் புடுங்கினா வீடியோ நிக்கும், அவன் மண்டைக்குள்ள ஓடுறது நிக்காது. அவன்கிட்ட "என்ன பாத்த"ன்னு கேளுங்க. நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம், மொதல்ல கேளுங்க.

---

சாக்பீஸ் அக்கா (அக்டோபர் 6, மாலை 5.30)

நான் ஈரோடு பக்கம் ஹைஸ்கூல் டீச்சர், ஒன்பது பத்துக்கு அறிவியல். லீவு முடிஞ்சு இன்னிக்குத்தான் ஸ்கூல் திறந்துச்சு, சூட்டோட சூடா எழுதுறேன். கிளாஸ்குள்ள போனதும் ஒரே சத்தம், ரசிகர் ஒரு பக்கம் மத்தவங்க ஒரு பக்கம். கத்தி அடக்கலாம்னுதான் நெனச்சேன், அப்புறம் ஆளுக்கு அரை பேப்பர் கொடுத்து, பேர் போடாம இதைப் பத்தி வீட்ல கேக்க முடியாத ஒரு கேள்வியை எழுதுங்கன்னு சொன்னேன். சத்தம் போட்ட அந்த 38 பேரும் தலையைக் குனிஞ்சு எழுதுனாங்க பாருங்க, பேனா சத்தம்தான் கேட்டுச்சு.

யாரு தப்புன்னு எழுதுனது நாலஞ்சு பேருதான். மிச்சமெல்லாம் வேற மாதிரி. "மூச்சு முட்டும்போது ரொம்ப நேரம் வலிக்குமா", "கையை விட்டுட்ட அம்மாவை யாராவது திட்டுவாங்களா", "எனக்கு அழுகை வரலை நான் கெட்டவனா", "எனக்கு இன்னும் அவரைப் பிடிக்குது, அது தப்பா". அந்த கடைசி கேள்வி மூணு பேப்பர்ல இருந்துச்சுங்க. பெரியவங்க நாம அரசியல் பேசிட்டு இருக்கோம், இதுங்களுக்கு தனக்குப் பிடிச்ச ஒருத்தரைப் பாக்கப் போன இடத்துல சாவு நடந்ததை எங்க கொண்டு வைக்கிறதுன்னு தெரியலை.

தெரிஞ்சதுக்கு பதில் சொன்னேன், தெரியாததுக்கு எனக்கும் தெரியலைடான்னு சொன்னேன். பிடிச்சிருக்கறது தப்பில்லை, பிடிச்சவங்ககிட்டயும் கேள்வி கேக்கலாம்னு சொன்னேன். ஒருத்தன் மீம் சொல்லி சிரிச்சான், அவனைத் திட்டலை, இந்த வயசுல பயந்தவனும் சிரிப்பான். அப்புறம் ஒரு பையன் காட்டுன வீடியோல கடை போர்டு தெலுங்குல இருந்துச்சு, கரூர்ல எங்கடா தெலுங்கு போர்டுன்னு கேட்டதும் அவனே முழிச்சான். பழைய வீடியோவை எவனோ கரூர்னு போட்டு விட்டிருக்கான். பாக்காதேன்னு சொல்றதை விட "இது எந்த ஊருன்னு கண்டுபிடி பாக்கலாம்"னு சொன்னா பத்தாவது பையனுக்கு மூளை வேற பக்கம் போகும், முயற்சி பண்ணிப் பாருங்க.

உங்க வீட்டுக்காரர் சொன்ன அந்த ஒரு வார்த்தையை அவரே திரும்ப எடுத்துக்கணுங்க. வேற யாரு சொன்னாலும் எடுபடாது.

---

கம்பி கட்டுறவன் (அக்டோபர் 6, இரவு 9.48)

நான் சிவில் இன்ஜினியர், உணர்ச்சி பூர்வமா பேசல்லாம் நமக்கு வராது. என் பொண்ணு ஒன்பதாவது, ஜூன் 4ந் தேதி பெங்களூர் சின்னசாமி ஸ்டேடியம் வாசல்ல நெரிசல்ல 11 பேர் செத்தப்ப நாங்க பெங்களூர்லதான் இருந்தோம். இவளும் இப்படித்தான் ஆனா. நான் பண்ணது ஒண்ணே ஒண்ணு, பேப்பர் பென்சில் எடுத்து நெரிசல்னா என்னன்னு வரைஞ்சு காட்டுனேன்.

மிதிபட்டு சாகறாங்கன்னுதான் எல்லாரும் நெனைக்கிறோம், பெரும்பாலும் அப்படி இல்லை. நின்னபடியே நெஞ்சுக்கூடு விரிய இடமில்லாம மூச்சு நிக்குது. ஒரு சதுர மீட்டர்ல ரெண்டு மூணு பேர் நின்னா நம்ம இஷ்டத்துக்கு நகரலாம், அஞ்சு தாண்டுனா ஆபத்து, ஆறு ஏழுன்னு போனா கூட்டம் தண்ணி மாதிரி ஆயிடும், அலை அடிக்கும், கால் தரையில இருக்காது. அப்ப யாரும் யாரையும் வேணும்னு தள்றதில்லை. பின்னாடி இருக்கறவனுக்கு முன்னாடி என்ன நடக்குதுன்னே தெரியாது. 2022ல தென்கொரியா சியோல்ல இட்டேவோன்ங்கற இடத்துல நெரிசல்ல 159 பேர் செத்தது மூணு மீட்டர் சொச்சம் அகலமான சந்துல. கரூர்ல காலையிலருந்து ஜனங்க நின்னிருக்காங்க, விஜய் வந்தப்ப ராத்திரி ஏழு மணி தாண்டிடுச்சு, தண்ணி சாப்பாடு இல்லாம நின்ன உடம்பு எவ்வளவு தாங்கும்.

இதை கேட்டதும் என் பொண்ணு கேட்ட முதல் கேள்வி "அப்ப அவங்க ஒருத்தரை ஒருத்தர் கொல்லலையாப்பா?" அவ மனசுல அவ்வளவு நாளும் அதுதான் இருந்திருக்கு பாருங்க, ஜனங்க மிருகம் மாதிரி மிதிச்சுட்டு போனாங்கன்னு. அப்புறம் தப்பிக்கறதும் சொல்லிக் கொடுத்தேன்: கை ரெண்டையும் குத்துச்சண்டைக்காரன் மாதிரி நெஞ்சுக்கு முன்னாடி மடக்கி வெச்சு மூச்சுக்கு இடம் பண்ணிக்கணும், எதிர்த்து தள்ளாம அலையோட போய் குறுக்கால ஓரத்துக்கு நகரணும், செல்போன் கீழ விழுந்தா விழுந்ததுதான் குனியவே கூடாது, இடுப்பு இடிக்க ஆரம்பிச்சதுமே வெளிய வந்துரணும். வீட்டு ஹால்ல வெச்சு செஞ்சு காட்டுனோம், என் சம்சாரம் எங்களை லூசுன்னு சொன்னா. அன்னிக்கு ராத்திரி பொண்ணு தூங்குனா.

---

வார்டு நம்பர் 6 (அக்டோபர் 7, காலை 7.20)

நைட் ட்யூட்டி முடிச்சு பஸ்ல உக்காந்து டைப் பண்றேன், தப்பு இருந்தா மன்னிச்சுக்கோங்க. கவர்மென்ட் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுல நர்ஸா இருக்கேன்.

மேடம், சாப்பாடு கொறையறது, தூக்கம் கெடறது, எரிஞ்சு விழறது எல்லாம் முதல் ரெண்டு மூணு வாரம் இருக்கலாம், அதுக்கே பயப்பட வேண்டாம். ஒரு மாசம் தாண்டியும் குறையலைன்னாலோ, ஸ்கூலுக்கே போக மாட்டேங்குறான்னாலோ மாவட்ட தலைமை ஆஸ்பத்திரில மனநலப் பிரிவு இருக்கு, கூட்டிட்டு போங்க. உயிரோட இருந்து என்ன பிரயோஜனம்கற மாதிரி ஒரு பேச்சு வந்தா மட்டும் ஒரு நாள் கூட காக்காதீங்க. 14416, டெலிமானஸ்னு அரசாங்க மனநல உதவி எண், இருபத்திநாலு மணி நேரமும் தமிழ்ல பேசுவாங்க, காசு கிடையாது. நம்ம தமிழ்நாடு அரசு மருத்துவ உதவி எண் 104லயும் பேசலாம். நீங்களே கூட உங்களுக்காக கூப்பிடலாம், தூக்கம் வரலைன்னு எழுதியிருக்கீங்களே.

வீடியோ விஷயத்துல மட்டும் பழைய சோறு சார் சொல்றதுல கொஞ்சம் நியாயம் இருக்கு. 2013ல அமெரிக்காவுல பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்புக்கு அப்புறம் ஒரு ஆய்வு பண்ணாங்க, அந்த வாரம் தினம் ஆறு மணி நேரத்துக்கு மேல அந்த நியூஸையே பாத்தவங்களுக்கு, ஸ்பாட்லயே இருந்தவங்களை விட பதட்டம் அதிகமா இருந்துச்சு. அதனால ராத்திரி மட்டும் போன் ஹால்ல சார்ஜ்ல இருக்கட்டும். ஆனா அவன் போன் மட்டும் இல்ல, உங்க போன், அவங்கப்பா போன் எல்லாமே. தண்டனையா தெரியக்கூடாது.

இன்னொண்ணு, எதிர்ல உக்கார வெச்சு "சொல்லு கண்ணு"ன்னா எந்தப் பையனும் சொல்ல மாட்டான். வண்டியில பின்னாடி உக்காந்திருக்கும்போது, வெங்காயம் உரிக்கும்போது, மொகம் பாக்காம பேசற இடம் பாருங்க. பேசாம இருந்தா நீங்களும் சும்மா இருங்க.

---

பழைய சோறு (அக்டோபர் 7, காலை 8.05)

கும்பகோணத்து தம்பி எழுதுனதை ரெண்டு தடவை படிச்சேன். எங்கப்பா செத்தப்ப எனக்கு பதினாலு வயசு. யாரும் பேசலைன்னு சொன்னேன்ல. சரி விடுங்க.

---

மல்லிகைப்பந்தல் (அக்டோபர் 19, மதியம் 3.10)

எல்லாருக்கும் பதில் எழுத லேட் ஆயிடுச்சு, தீபாவளி முறுக்கு வேலை. என்ன ஆச்சுன்னு சொல்லணும்ல.

போனெல்லாம் ஹாலுக்கு வந்துச்சு. மொத நாள் ராத்திரி அதிகமா தவிச்சது எங்க வீட்டுக்காரர்தான், அதைப் பாத்து புள்ளைங்க ரெண்டும் சிரிச்சுதுங்க. நாலஞ்சு நாள் ஒண்ணும் நடக்கலை. 13ந் தேதி சுப்ரீம் கோர்ட் கேஸை சிபிஐக்கு மாத்துனதா நியூஸ் வந்துச்சுல்ல, அன்னிக்கு அவனாவே "யாரு தப்புன்னு கண்டுபிடிச்சுருவாங்களாப்பா"ன்னு கேட்டான். இவரு எப்பவும் போல ஆரம்பிக்கப் போனாரு, நான் ஒரு பார்வை பாத்தேன், நிறுத்திட்டு "தெரியலைடா, ஆனா அன்னிக்கு நான் உன்கிட்ட அப்படி பேசுனது தப்பு"ன்னு சொல்லிட்டாரு. கல்யாணம் ஆகி பதினேழு வருஷத்துல அவர் வாயில அந்த வார்த்தையை நான் கேட்டதில்லைங்க.

அடுத்த நாள் நானும் அவனும் நிலக்கடலை உடைச்சிட்டு இருந்தோம். ரொம்ப நேரம் கழிச்சு கடலையைப் பாத்துக்கிட்டே சொல்றான், "நாந்தாம்மா அவனை முன்னாடி போகச் சொன்னேன்." எனக்கு ஒண்ணும் புரியலை. கை ஒடஞ்ச பையனுக்கு இவன் அன்னிக்கு சாயங்காலம் மெசேஜ் போட்டிருக்கான், என்னை எங்கம்மா விடலை, நீயாவது விஜய் பஸ் கிட்ட போய் நல்லா வீடியோ எடுத்து அனுப்புடான்னு. அவ்வளவு நாளும் வீடியோ வீடியோவா தேடுனது அந்தப் பையன் எங்க நின்னான்னு பாக்கத்தானாம். நான் இவனுக்கு சாவு பயம்னு நெனச்சுட்டு இருந்தேன், "நீதான் வீட்ல பத்திரமா இருக்கியே சாமி"ன்னு தினம் சொல்லிட்டு வேற இருந்திருக்கேன். எவ்வளவு குத்தியிருக்கும்.

அன்னிக்கே வண்டியில அந்தப் பையன் வீட்டுக்கு கூட்டிட்டு போனேன். நான் அவங்கம்மா கூட அடுப்படில நின்னுட்டேன், ஆனா காது அங்கதான். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அந்தப் பையன் சொல்றான், "டேய் உன் மெசேஜை நான் பாக்கவே இல்லடா, அங்க டவரே கிடைக்கல." காபி எடுத்துட்டு போனப்ப ரெண்டும் ஒரே போன்ல கேம் ஆடிட்டு இருந்துச்சுங்க, கட்டு போட்டவன் ஒரு கை, என் பையன் ஒரு கை.